மிளகாய் வறுக்காத நாளில் பார்த்த பொயிலர்

புதிதாக லைசன்ஸ் எடுத்து, வீட்டைச் சூடாக்குகிற பொயிலர்கள் பார்க்கிற இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களிடம் ஆட்கள் அதிகம் கேட்கப்போகிற கேள்வி ஒன்றுதான். "இந்தப் பழசை வைச்சிருக்கிறதோ, மாத்திறதோ?" கேட்கிறவர் மேலே படிக்கட்டில் நிற்பார். நீங்கள் பேஸ்மென்றில் முழங்காலில் நின்று டோர்ச் அடித்துக்கொண்டிருப்பீர்கள். துரு, வெடிப்பு, ஒழுக்கு, நெருப்பின் நிறம் எல்லாம் பார்த்துப் பதில் சொல்ல நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதையெல்லாம் உங்களுக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை அந்தக் கேள்விக்கு என் வயிற்றெரிச்சல் பதில் சொன்னது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நான் பயந்த ஆள். காஸ் வால்வைச் சரியாகத் திறந்துவிட்டேனா, மூடியின் திருகாணியை இறுக்கினேனா என்று யோசித்து, நெடுஞ்சாலை 401இல் அடுத்த நகரமான அஜக்ஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னண்ணை, ஏதும் விட்டிட்டுப் போட்டியளோ?" என்பார். "ஓம், டோர்ச்" என்று சொல்வேன். டோர்ச் என் பொக்கெற்றுக்குள்தான் இருக்கும். கீழே இறங்கிப் பார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். இது ஒரு வருத்தம், டொக்டரிடம் காட்டு என்று வீட்டில் சொல்வார்கள். காட்டவில்லை. அந்த வருத்தம் சுகமாகிவிட்டால் வேலையைக் கவனமாகச் செய்யமாட்டேனோ என்று அதற்கும் ஒரு பயம்.

இனி மகேன். மகேனும் நானும் ஒரே கொம்பனியில் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிறகு ஆளுக்கொரு வான் வண்டியோடு தனித்தனியே தொழில் செய்தோம். லைசன்ஸ் சோதனையை நான் நாலாவது தடவையில் பாஸ் பண்ணினேன். அவன் முதல் தடவையிலேயே பாஸ். அதுவும் சோதனைக்கு முந்தின நாள் ஒரு கலியாண வீட்டில் ஆடிவிட்டு, நித்திரை குறைந்த கண்ணோடு வந்து எழுதியது. நான் போகிற வீடுகளில், "பொயிலர்க்காரர் வந்திருக்கிறார்" என்று உள்ளே சொல்வார்கள். அவன் போகிற வீடுகளில், "மகேன் வந்திருக்கிறான்" என்பார்கள். அவன் நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் தூக்கி, "என்ன கணவாய்க் கறியோ? உப்புக் கொஞ்சம் தூக்கல் போல கிடக்கு" என்பான். வீட்டுக்காரி சிரிப்பார். நான் அப்படிச் செய்திருந்தால் பொலிசுக்குப் போன் அடித்திருப்பார்கள்.

அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்றால் தாங்கியிருப்பேன். வேலையில் நான்தான் நுணுக்கம் என்று அவனே சொல்வான். ஆனால் ஆட்களுக்கு அவனைத்தான் பிடித்தது. அதுதான் என்னைத் தின்றது.

எனக்கென்று சொல்ல ஒரு வீடு இருந்தது. ஸ்கார்பரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பவளம் அன்ரியின் வீடு. எழுபது தாண்டியவர், தனியே இருந்தார். ஒரே பிள்ளை சுகி கலியாணம் செய்து அஜக்ஸில். அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் சூட்டுக் காற்று ஊதுகிற ஃபர்னஸ். அன்ரி வீட்டில் மட்டும் பொயிலர். என்னைவிட வயது கூடின வார்ப்பிரும்புப் பெட்டி. காஸில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியே அறைகளிலுள்ள ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். அதிலிருந்து பத்தடி தள்ளி அதே பேஸ்மென்றில் அன்ரியின் இரண்டாவது குசினி. உங்கள் வீடுகளிலும் இருக்கும்: மேலே உள்ளது வருகிறவர்களுக்குக் காட்ட, கீழே உள்ளது சமைக்க. அன்ரி அங்கேதான் மிளகாயும் மல்லியும் வறுத்துக் கறித்தூள் செய்வார். சொந்தக்காரர், கோயிலில் பழக்கமானவர்கள் என்று பாதி ஸ்கார்பரோ அவருடைய தூளில்தான் கறி வைத்தது.

பதின்மூன்று வருடம் அந்தப் பொயிலரை நான்தான் பார்த்தேன். நான் வருகிற நாளென்றால் அன்ரி கீழ்க் குசினியைத் துடைத்து மினுக்கி வைத்திருப்பார். அடுப்பில் ஒரு சட்டி இருக்காது. தரையில் கால் வைக்கக் கூச்சமாக இருக்கும். வேலை முடிந்ததும் மேலே கூட்டிக்கொண்டு போய், பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணியும் தட்டில் பிஸ்கற்றும் வைப்பார். என்னை ஒரு ஆளாக மதிக்கிற வீடு இது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் ஓய்வெடுப்பதற்கு முந்தின வருடம், குளிர் தொடங்குகிற நேரம், சுகி எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், அம்மாவுக்கு இப்ப அடிக்கடி தலையிடி. எனக்கு அந்தப் பொயிலரில டவுட்டா இருக்கு. ஜஸ்ற் சொல்லுங்கோ, கீப் பண்ணுறதோ, ரிப்ளேஸ் பண்ணுறதோ? மகேன் அங்கிள் எங்கட வீட்டில புதுசு போட்டவர், சூப்பரா வேர்க் பண்ணுது. அவரையும் ஒருக்கா வந்து பாக்கச் சொல்லிக் கேட்டனான்."

தலையிடி என்ற சொல் என் காதில் விழுந்தது. மகேன் என்ற சொல்தான் உள்ளே போனது.

"அவன் எப்ப வாறானாம்?"

"நெக்ஸ்ற் சனிக்கிழமை எண்டவர்."

"நான் நாளைக்கே வாறன்" என்றேன். கேளுங்கள், அப்போதே என் பதில் முடிந்துவிட்டது. மகேன் மாற்றச் சொல்வான். அவன் புதுசு போடுகிறவன். ஆகவே நான் வைத்திருக்கச் சொல்வேன். பொயிலரை இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் போனேன். வழக்கம்போல எல்லாம் பளபளவென்றிருந்தது. அடுப்புக்கு மேலே புதிதாக ஒரு பெரிய உருக்குக் கூடும் உறிஞ்சு விசிறியும்.

"மருமகன் பூட்டினவர்" என்றார் அன்ரி பெருமையாக. "ஜன்னல்களும் எல்லாம் மாத்திப்போட்டம். இப்ப ஒரு சொட்டுக் காத்து உள்ளுக்கு வராது, தம்பி."

"தலையிடி எண்டு சுகி சொன்னவ."

"அது மிளகாய்க் காரம். வறுக்கிற நாளில வரும். மேல வந்து கொஞ்சம் படுத்தால் போயிடும். அவளுக்கு எல்லாத்துக்கும் பயம்."

எல்லாத்துக்கும் பயம். நானும் சிரித்தேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். வார்ப்பில் வெடிப்பில்லை. நெருப்பு நீலமாக நின்று எரிந்தது. பழைய பொயிலர்களில், எரிந்த புகை மேலே புகைபோக்கிக்குப் போகிற இடத்தில் ஒரு திறந்த வாய் இருக்கும். புகை ஒழுங்காக இழுபடுகிறதா என்று பார்க்க, அந்த வாயருகே ஒரு ஊதுபத்தியைப் பிடிப்பது என் வழக்கம். பத்தியின் புகை உள்ளே வளைந்து போனால் சரி. வளைந்து போனது. காபன் மொனொக்சைட் என்கிற மணமில்லாத நச்சு வாயுவைப் பார்க்கிற மீற்றரில் பூச்சியம். சுவரில் அந்த வாயுவுக்கான அலாம் பச்சை வெளிச்சத்தோடு இருந்தது.

ஒன்றே ஒன்று. அந்த வாயின் விளிம்புக்குக் கீழே, வெள்ளைப் பெயின்ற்றில், ஒரு விரல் அகலத்துக்கு மண்ணிறமாக ஒரு தீய்ந்த கோடு. போன வருடம் அது இருக்கவில்லை. உள்ளே போகவேண்டிய சூடு எப்போதாவது வெளியே வந்திருந்தால்தான் அப்படிக் கோடு விழும். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்த என்னால் அந்த வீட்டை விட்டு வெளியேறியிருக்க முடியாது. கோடு எப்படி வந்தது என்று காணும்வரை அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொரு விசிறியையும் போட்டுப் பார்த்திருப்பேன். அன்றைக்கு, "பழைய ஈரக்கறை" என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லிவிட்டு நம்பியும் விட்டேன். வேலை செய்த காலம் முழுக்க நான் பயப்படாமல் எழும்பி வந்த நாள் அது ஒன்றுதான்.

பொயிலரில் தொங்குகிற சேர்விஸ் அட்டையில் திகதி போட்டு, "குட். கீப்." என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

"மகேன் வந்தால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்று அன்ரி கேட்டார்.

"அவன் புதுசு போடச் சொல்லுவான், அன்ரி. அது அவன்ர யாவாரம். நீங்கள் என்ர அட்டையைக் காட்டுங்கோ."

தேத்தண்ணி அன்றைக்கு நல்ல ருசி.

அந்தக் கிழமை முழுக்க நான் பட்ட பாட்டை வீட்டில் கேட்டால்தான் தெரியும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பல் விளக்கும்போது அந்த மண்ணிறக் கோடு வந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது வந்தது. போன் எடுத்து, "அன்ரி, நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்று சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் சொன்னால் சுகிக்குத் தெரியும். சுகி மகேனுக்குச் சொல்வாள். "ஏனாம், நல்லம் எண்டு எழுதினவரெல்லோ?" என்று அவன் கேட்பான். அவன் அப்படி நக்கலாகக் கேட்கிற ஆளே இல்லை. ஆனாலும் என் தலைக்குள் அவன் குரல் அப்படித்தான் கேட்டது. போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், பயந்தவனுக்கு ஒரு நாள் பொறாமை வந்தால், பயம் போய்விடாது. ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஒரு கிழவி தனியே இருக்கிற பேஸ்மென்றைப் பற்றிப் பயப்படவேண்டிய நான், மகேன் முன்னால் சிறுத்துப்போவதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல எனக்குத் தாங்கவில்லை. அன்ரி வீட்டுத் தெருவுக்குப் போனேன். எதிர்ப்பக்கத்தில் வானை நிறுத்தினேன். வாசலில் மகேனின் வான். அவன் என்ன சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைக்க நினைக்க வாய் கசந்தது. இறங்கினேன். தெருவின் நடுவில் வரும்போதே மூக்கில் அடித்தது, வறுத்த மிளகாய்.

பதின்மூன்று வருடத்தில் நான் போன எந்த நாளிலும் அந்த வீட்டில் மிளகாய் மணத்தது கிடையாது. எனக்காக அடுப்பை மூடி வைக்கிறவர், மகேன் வந்தால் வறுக்கிறார். சட்டியை மறைப்பதில்லை. அவன் உள்வீட்டு ஆள். நான் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற ஆள். இத்தனை வருடமும் மரியாதை என்று நினைத்தது தூரம்தான் என்று நடுத்தெருவில் விளங்கியது. ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடித்தபிறகுதான் நகர்ந்தேன்.

பக்கக் கதவைத் தட்டினேன். மகேன்தான் திறந்தான். கண் சிவந்து, மூக்கால் ஓடிக்கொண்டு, கையில் பாதி கடித்த மீன் கட்லெட்.

"வா மச்சான்! மணம் பிடிச்சு வந்தனியோ? கட்லெட் இன்னும் நாலு கிடக்கு. மூண்டு என்ர."

கீழே இறங்கினேன். புதிய விசிறி விமானம் மாதிரி இரைந்தது. அன்ரி பெரிய தாச்சியில் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகேன் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்து கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கவேண்டும். வாளிக்குப் பக்கத்தில் பால் விடாத பிளேன்ரீ, ஒரு எவர்சில்வர் பேணியில். எனக்கு அந்தப் பேணியைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

"பொயிலரைப் பாத்திட்டியோ?" என்று கேட்டேன்.

"என்னத்தைப் பாக்கிறது?" என்றான் அவன். "உன்ர அட்டையைப் பாத்தன். கீப் எண்டு போட்டிருக்கிறாய். பிறகு நான் என்னத்துக்குக் கிண்டோணும்? ஒரு திருகாணியை நாலுதரம் பாக்கிறவன் நீ. அன்ரிக்குச் சொல்லிப்போட்டன், உவன் வைச்சிருக்கச் சொன்னால் வைச்சிருங்கோ எண்டு. இப்ப வந்த அலுவல் கட்லெட்."

"நான் சொன்னனான்தானே, தம்பி பாத்தால் சரியாத்தான் இருக்கும் எண்டு" என்றார் அன்ரி தாச்சியிலிருந்து கண் எடுக்காமல்.

பிள்ளைகளே, மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு இனித்தது. அவன் வாயால், அன்ரியின் முன்னால், என் சொல்லுக்கு மேல் சொல்லில்லை என்று கேட்டபோது நெஞ்சு விரிந்துபோனது. இத்தனை வருடமும் நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். அப்படியே ஒரு கட்லெட்டை எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். என் பொய்க்கு மகேன் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி அந்தப் பொயிலரை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

அப்போதுதான் அன்ரி என்னை முழுதாக நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"ஐயோ தம்பி, நீங்கள் சொல்லாமல் வந்திட்டியள். இஞ்ச எல்லாம் அலங்கோலமாக் கிடக்கு. பொறுங்கோ, நிப்பாட்டுறன்." ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கும் தலை விண்விண் எண்டு இடிக்குது" என்றபடி மற்றக் கையை விசிறியின் சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.

"நிப்பாட்டாதேங்கோ!"

நான் கத்தியதில் மகேன் வாளியிலிருந்து எழும்பிவிட்டான். அன்ரியின் கை சுவிட்சில் நின்றது.

நான் வந்தால் அவர் அடுப்பை மூடுவார்; இப்போது விசிறியையும். பதின்மூன்று வருடமாக அடுப்பை மூடியிருக்கிறார். நான் சோதித்த ஒவ்வொரு நாளும் அந்த வீடு எனக்காகத் துடைத்து வைத்த வீடு. அவர் வாழ்கிற வீட்டை நான் ஒருநாளும் சோதித்ததில்லை.

சுவரைப் பார்த்தேன். ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"அன்ரி, அந்த அலாம் எங்கை?"

"மேசை லாச்சிக்குள்ள. அது மிளகாய் போட்ட உடன கத்தும், தம்பி. பற்றரியைக் கழட்டி வைச்சிருக்கிறன். நீங்கள் வாறியள் எண்டால் கொழுவிவிடுவன்."

மகேன் என் முகத்தைப் பார்த்தான். அவனும் இந்த வேலைக்காரன்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

பொயிலர் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் திறந்த வாயருகே கையைக் கொண்டுபோனேன். கைக்குச் சூடாக, ஈரமாக, ஒரு ஆள் மூச்சு விடுவதுபோல வெளியே அடித்தது. ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை என் முகத்துக்கு வந்தது. பொக்கெற்றிலிருந்த மீற்றரைப் போட்டு உயர்த்த முன்பே அது கத்தத் தொடங்கியது.

நடந்தது இதுதான். அந்தப் பெரிய விசிறி வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சித் தள்ளும். முன்பு பழைய ஜன்னல் இடுக்குகளால் பதில் காற்று உள்ளே வந்தது. புது ஜன்னல்களால் வராது. விசிறிக்குக் காற்று வேண்டும். ஆகவே அது புகைபோக்கியால் கீழே இழுத்தது. மேலே போகவேண்டிய பொயிலர்ப் புகை பேஸ்மென்றுக்குள் இறங்கியது. அதே புகை திரும்ப நெருப்புக்குள் போக, நெருப்பு மூச்சுத் திணறி, அந்த மணமில்லாத வாயுவைப் பெருக்கியது. மிளகாய் வறுக்கிற நாளில் மட்டும் தலையிடி. மேலே போய்ப் படுத்தால் சுகம். அன்ரி எனக்கு அதை வாய்திறந்து சொல்லியிருந்தார்.

பொயிலரை நிறுத்தினேன். காஸை மூடினேன். மகேன் அடுப்பை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அன்ரியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போய்த் தன் வானின் முன்சீற்றில் இருத்தி, தன் குளிர்ச்சட்டையைப் போர்த்தினான். "எனக்கும் தலை ஒரு மாதிரித்தான் இருந்தது" என்றான் என்னிடம் மெதுவாக. "நானும் மிளகாய் எண்டுதான் நினைச்சன்."

அன்ரி வானுக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, பொயிலர் நல்லது எண்டுதானே எழுதினனீங்கள்?"

"பொயிலர் இப்பவும் நல்லதுதான், அன்ரி. அந்த விசிறி ஓடுற வீட்டில அது இருக்கக்கூடாது."

அவர் யோசித்தார். "அப்ப நான் வறுக்கிறதை விட்டால் சரியோ?"

இங்கேதான் நில்லுங்கள். வீட்டில் நடந்தது எல்லாம் அவசரம். கை தானாகச் செய்தது. இந்தக் கேள்விதான் எனக்கு வைத்த சோதனை. "ஓம் அன்ரி, விட்டால் சரி" என்று சொன்னால் அதில் பொய்யே இல்லை. பொயிலர் அங்கேயே இருக்கும். "கீப்" என்று நான் எழுதியது உண்மையாகிவிடும். வீடு என் வீடாகவே இருக்கும். மகேனுக்கு அந்த வீட்டில் கட்லெட்டைத் தவிர ஒரு அலுவலும் இராது. அந்த ஓம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகேன் வானின் மற்றப் பக்கத்தில் சாய்ந்து நின்று, எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

அன்ரி "விட்டிட்டன்" என்று சொல்வார். ஒரு மாதம் விடுவார். பிறகு கோயிலில் யாரோ, "உங்கட தூள் இல்லாமல் கறி வாயில வைக்கேலாமல் கிடக்கு" என்பார்கள். அன்ரி ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கிலோ வறுப்பார். அலாமை லாச்சிக்குள் வைப்பார். நான் வருகிற நாளில் எடுத்துக் கொழுவுவார். எனக்கு அது கண்ணால் பார்த்ததுபோலத் தெரிந்தது. என் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. ஒருநாளும் அது அவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை.

"வேண்டாம் அன்ரி. நீங்கள் வறுங்கோ. பொயிலரை மாத்துவம். இப்ப வாற பொயிலர் வெளியாலயே காத்தெடுத்து, வெளியாலயே புகை விடும். விசிறியோட சண்டை பிடிக்காது."

"அப்ப நீங்கள் எழுதினது?"

"பிழை. நான் பிழையா எழுதினனான்."

அதைச் சொல்லும்போது நான் மகேனைப் பார்க்கவில்லை. பிறகு சுகிக்குப் போன் எடுத்தேன்.

"சுகி, நான் போன கிழமை எழுதினது பிழை. அம்மாவின்ர தலையிடி பொயிலராலதான்."

"அம்மா எங்க, அங்கிள்?"

"வெளியில, வானுக்குள்ள. கதைக்கிறா. நல்லா இருக்கிறா. ஆனால் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். மகேன் கொண்டுபோறான், நீங்கள் அங்க வாங்கோ."

"நீங்கள் பாத்தனீங்கள்தானே அங்கிள்? போன கிழமை பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான். ஒரு கோடு கண்டனான். கண்டும் விட்டிட்டன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்ரிக்கு அன்று பகல் முழுக்க ஒட்சிசன் கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். நான் அவர்கள் போனபிறகு கீழே இறங்கி, இனி இதை எரிக்கக்கூடாது என்கிற சிவப்பு அட்டையைப் பொயிலரில் கட்டினேன். நல்ல நெருப்பு, நல்ல வார்ப்பு, ஒரு சொட்டு ஒழுக்கில்லை. அதைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பழசு, புதுசு என்று பார்த்தால் அது வைத்திருக்கவேண்டிய பொயிலர். பழுதில்லாத ஒன்றைத்தான் கழற்றினோம்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நம் சனம் உங்களை மதிக்கும். மதிப்பதால் வீட்டை ஒதுக்கி வைக்கும், அடுப்பை மூடும், அலாமைத் தேடி எடுத்துக் கொழுவும். அந்த ஒதுக்கிய வீட்டை மட்டும் சோதித்துவிட்டு வராதீர்கள். "நீங்கள் சமைக்கிற மாதிரிச் சமையுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று சொல்லுங்கள். எல்லா விசிறியையும் போடச் சொல்லுங்கள். கதவு ஜன்னலைப் பூட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள். பரவாயில்லை, தும்மிக்கொண்டு நில்லுங்கள். அடுத்தது, பதில் சொல்ல முன்பு, அந்தப் பதில் வேறொருவனுடைய பேரைக் கேட்டதும் வந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் வெளியே போய் வானுக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து திரும்பப் பாருங்கள்.

இதை எழுதுவதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். புதுப் பொயிலரை மகேன்தான் போட்டான். சுகி அவனைத்தான் கேட்டாள். கேட்டது நியாயம். "தனியக் கஷ்டம் மச்சான், வந்து ஒரு கை பிடி" என்று அவன் கூப்பிட்டான். தனியாகவே செய்யக்கூடியவன், எனக்காகத்தான் கூப்பிட்டான் என்று தெரிந்துகொண்டே போனேன். இரண்டு நாள் வேலை. முடிந்ததும் அவன் மேலே அன்ரியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்க, நான் கீழே தனியே நின்று, அவன் வைத்த ஒவ்வொரு குழாய் இணைப்பையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பிழையாவது இருக்கும் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. அன்ரி இனித் தலையிடி இல்லாமல் வறுக்கலாம் என்று ஆறுதலாக இருந்தது. அது மகேனின் கையால் ஆனது என்று எரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன, பிள்ளைகளே. மேலே போய், "வேலை சுத்தமாத்தான் செய்திருக்கிறான், அன்ரி" என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்னவற்றில் மிகவும் கஷ்டப்பட்டுச் சொன்னது அதுதான்.